பகலில் தூக்கம், இரவில் முழிப்பு: பிறந்த குழந்தை ஏன் இப்படிச் செய்கிறது? முதல் 3 மாதங்களைச் சமாளிப்பது எப்படி?

ராத்திரி 2 மணி. பால் கொடுத்தாச்சு, டயப்பர் மாத்தியாச்சு, ஏப்பமும் வந்தாச்சு. தோளில் அசந்து தூங்கிய குழந்தையை மெத்தையில் வைத்த அடுத்த நிமிடமே மறுபடியும் வீல்! காலை 9.30-க்கு அப்பாவுக்கு ஆபீஸ் மீட்டிங். அம்மாவுக்குத் தையல் வலி இன்னும் ஆறவில்லை. பக்கத்து அறையிலிருந்து பாட்டியின் குரல்: "பால் பத்தலையோ என்னமோ?"

முதல் குழந்தை பிறந்த வீடுகளில் பெரும்பாலும் நடக்கும் காட்சிதான் இது. கூகுளில் தேடினால் ஆயிரம் டிப்ஸ், ரீல்ஸில் இன்னொரு ஆயிரம், வீட்டுப் பெரியவர்களிடம் இன்னும் கொஞ்சம். இதில் எது உதவும், எது உதவாது, எது ஆபத்து?

குழந்தைக்கு இரவு பகல் தெரியாதா?

உண்மையிலேயே தெரியாது. நமக்கு இருட்டியதும் தூக்கம் வருவதற்குக் காரணம், மூளையில் இருக்கும் உடல் கடிகாரமும் மெலடோனின் என்ற ஹார்மோனும். கருவில் இருக்கும்வரை குழந்தைக்கு மெலடோனின் அம்மாவிடமிருந்து போய்ச் சேர்கிறது. பிறந்த பிறகு அந்த சப்ளை நின்றுவிடும். குழந்தையின் உடல் தானாக இரவு-பகல் தாளத்தில் மெலடோனின் சுரக்கத் தொடங்குவது ஏறக்குறைய 2 முதல் 3 மாத வயதில்தான். அதுவரை பாப்பாவுக்கு நள்ளிரவு 2 மணியும் மதியம் 2 மணியும் ஒன்றுதான்.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு சுமார் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். 'அவ்வளவு நேரமா? எங்க வீட்ல தூங்கவே மாட்டேங்குதே' என்று தோன்றலாம். கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக வரும். ஆனால் அது ஒரே நீளமான தூக்கமாக இல்லாமல், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், சில சமயம் மூன்று மணி நேரம் என்று 24 மணி நேரத்திலும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும்.

இன்னொரு காரணம் பசி. பிறந்த குழந்தையின் வயிறு மிகச் சிறியது. தாய்ப்பாலும் சீக்கிரம் ஜீரணமாகும். அதனால் ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் கேட்பது இயல்பு. இரவில் எழுந்து பால் கேட்பதைக் கெட்ட பழக்கமாக நினைக்க வேண்டாம், அது வளர்ச்சிக்குத் தேவை. சொல்லப்போனால், பிறந்தபோது இருந்த எடையை மீண்டும் எட்டும்வரை, அதாவது முதல் இரண்டு வாரங்களில், குழந்தை நீண்ட நேரம் தூங்கினாலும் 3 முதல் 4 மணி நேரத்துக்குள் எழுப்பிப் பால் கொடுக்கச் சொல்வார்கள் டாக்டர்கள்.

முனகினால் உடனே தூக்க வேண்டுமா?

வேண்டாம், சில நொடிகள் பொறுங்கள். பெரியவர்களின் தூக்கத்தில் கண்கள் உருளும், கனவு காணும் நிலை நான்கில் ஒரு பங்குதான். பிறந்த குழந்தைக்கு இது கிட்டத்தட்டப் பாதித் தூக்கம். 'ஆக்டிவ் ஸ்லீப்' எனப்படும் இந்த நேரத்தில் குழந்தை முனகும், கை காலை உதறும், முகத்தைச் சுளிக்கும், சிரிக்கும், ஒரு வினாடி அழுவதுபோலக்கூடச் செய்யும். ஆனால் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். 'சாமி சிரிப்பு காட்டுது' என்று பெரியவர்கள் சொல்வது இந்த நிலையைத்தான்.

அந்த நேரத்தில் பதறிப்போய்த் தூக்கினால், தூங்கும் குழந்தையை நாமே எழுப்பிவிட்டவர்கள் ஆவோம். சத்தம் வந்ததும் கொஞ்சம் கவனியுங்கள். கண்ணைத் திறந்து, வாயைத் திருப்பி, கையை வாயில் வைத்துத் தேடினால் அது பசி. இல்லையென்றால் பல நேரம் தானாகவே அடங்கிவிடும்.

இரவு பகலைப் பழக்குவது எப்படி?

உடல் கடிகாரத்தை அவசரப்படுத்த முடியாது. ஆனால் அதற்கு சிக்னல் கொடுக்க முடியும். முக்கியமான சிக்னல் வெளிச்சம்.

பகலில் ஜன்னல் திரைகளைத் திறந்து வையுங்கள். குழந்தை தூங்குகிறது என்று வீட்டையே இருட்டாக்கி, மிக்ஸிகூடப் போடாமல் இருக்கத் தேவையில்லை. விழித்திருக்கும்போது முகம் பார்த்துப் பேசுங்கள், விளையாட்டுக் காட்டுங்கள். இரவில் நேர்மாறு. டியூப் லைட்டுக்குப் பதில் மங்கலான நைட் லேம்ப், மெல்லிய குரல், பால் கொடுத்து ஏப்பம் எடுத்ததும் மறுபடி படுக்கை. மலம் கழித்திருந்தாலோ டயப்பர் நிறைந்திருந்தாலோ மட்டும் மாற்றினால் போதும். முக்கியமாக, பால் கொடுக்கும்போது குழந்தையின் முகத்துக்கு நேராக போன் வெளிச்சம் வேண்டாம்.

ஒரே வாரத்தில் மாற்றம் தெரியாது. ஆனால் 6 முதல் 12 வாரங்களுக்குள் இரவில் ஒரு தூக்கமாவது சற்று நீள்வதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

சாயங்காலம் ஆனாலே அழுகை, ஏன்?

பிறந்து 2 வாரத்தில் ஏறத் தொடங்கும் அழுகை, சுமார் 6 வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, 3 முதல் 4 மாதத்தில் இறங்கிவிடும். அமெரிக்கக் குழந்தை நல மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1962-இலேயே இந்த வளைகோட்டைப் பதிவு செய்தார். அழுகை அதிகம் வருவது மாலையிலும் முன்னிரவிலும்தான்.

நல்ல ஆரோக்கியமான குழந்தை ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் காரணமே தெரியாமல் அழுதால் அதை 'கோலிக்' என்று சொல்கிறார்கள். 1954-இல் மோரிஸ் வெஸ்ஸல் வகுத்த இந்த '3-இன் விதி' மிகப் பிரபலம். இப்போது டாக்டர்கள் இதை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை என்றாலும், ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள இது உதவும்: அழுகை எல்லாமே பால் பற்றாக்குறை அல்ல. எடை சரியாக ஏறுகிறது, ஒரு நாளைக்கு 6 முறையாவது சிறுநீர் போகிறது என்றால் பால் போதுகிறது என்று அர்த்தம். "உனக்குப் பால் இல்லை, பாட்டில் கொடு" என்று அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் முன் வீட்டில் உள்ளவர்கள் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே அவசியம். அழுகை நிற்காத எரிச்சலில் குழந்தையைப் பிடித்து உலுக்கவே கூடாது. பிறந்த குழந்தையின் கழுத்து பலவீனமானது, தலை கனமானது. சில நொடிகள் வேகமாக உலுக்கினாலே மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். பொறுமை எல்லை மீறுகிறது என்று தோன்றினால், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் அறையை விட்டு வெளியே போய் மூச்சு வாங்குங்கள். அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அந்த ஐந்து நிமிடம் தப்பில்லை.

தோளில் தூங்கும், மெத்தையில் முழிக்கும்: இதற்கு வழி உண்டா?

ஜப்பானின் ரிகன் ஆய்வு மையத்தைச் சேர்ந்த குமி குரோடாவின் குழு இதையே ஆராய்ந்து 2022-இல் 'கரன்ட் பயாலஜி' இதழில் வெளியிட்டது. 7 மாதம் வரையிலான 21 குழந்தைகளின் இதயத் துடிப்பை, அம்மா தூக்கி நடக்கும்போதும், உட்காரும்போதும், கீழே வைக்கும்போதும் பதிவு செய்தார்கள்.

தெரியவந்தது இதுதான். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் நிற்காமல், சீராக நடந்தால் அழுகை அடங்குகிறது. கிட்டத்தட்டப் பாதிக் குழந்தைகள் அப்போதே தூங்கிவிடுகின்றன. ஆனால் தூங்கியதும் உடனே கீழே வைத்தால் பல குழந்தைகள் விழித்துக்கொள்கின்றன. மெத்தையில் முதுகு படும் நேரத்தை விட, அம்மாவின் உடம்பிலிருந்து பிரியும் நேரத்தில்தான் இதயத் துடிப்பு எகிறுகிறது. எனவே தூங்கிய பிறகு 5 முதல் 8 நிமிடம் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்து, தூக்கம் ஆழமான பிறகு படுக்க வைக்கச் சொல்கிறது அந்த ஆய்வு.

சின்ன ஆய்வுதான், எல்லாக் குழந்தைக்கும் கேரண்டி கிடையாது. ஆனால் செலவே இல்லாத வழி, இன்றிரவே முயன்று பார்க்கலாம். இதை அப்பாவும் செய்யலாம், தாத்தாவும் செய்யலாம்.

எப்படிப் படுக்க வைப்பது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

மல்லாக்க. பகலோ, இரவோ, குட்டித் தூக்கமோ, எப்போதும் மல்லாக்க. ஒரு வயது வரை இதுதான் விதி.

இதற்குப் பின்னால் கசப்பான ஒரு வரலாறு இருக்கிறது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து மேற்கு நாடுகளின் பிரபல குழந்தை வளர்ப்புப் புத்தகங்கள் குப்புறப் படுக்க வைக்கச் சொல்லின. வாந்தி எடுத்தால் புரையேறாது என்பது வாதம். ஆனால் இரவு நன்றாகத் தூங்கிய குழந்தைகள் காலையில் உயிரில்லாமல் கிடந்தன. 'திடீர் சிசு மரண நோய்க்குறி' என்று பெயர் வைக்கப்பட்ட அந்த மரணங்களுக்கும் குப்புறத் தூங்குவதற்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டிய பிறகு, 1991-இல் நியூசிலாந்தும் பிரிட்டனும், 1994-இல் அமெரிக்காவும் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று பிரசாரம் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் இந்த மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. புதிய மருந்தோ கருவியோ வரவில்லை. படுக்க வைக்கும் விதம் மாறியது.

'மல்லாக்கப் படுத்தா கக்குற பால் மூச்சுக்குழாயில போயிடாதா?' என்ற பயம் நம் வீடுகளிலும் உண்டு. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். தவிர, விழுங்குவதும் இருமுவதும் குழந்தைக்கு இயல்பாகவே உண்டு. 'வாயு பிரியும்' என்று குப்புறப் போட விரும்பினால், குழந்தை விழித்திருக்கும்போது, நீங்கள் அருகில் இருக்கும்போது போடுங்கள். கழுத்து, தோள் வலுப்படும், தலையும் தட்டையாகாது.

படுக்கை விஷயத்தில் கவனிக்க வேண்டியவை:

* மெத்தை அழுத்தமாக, சமதளமாக இருக்கட்டும். அமுங்கும் பஞ்சு மெத்தை வேண்டாம்.
* தலையணை வேண்டாம். தலை உருண்டையாக வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும்தான்.
* கனமான போர்வை, பொம்மை, பக்கவாட்டு உருளைத் தலையணை எதுவும் குழந்தையின் அருகில் வேண்டாம்.
* கொசுவலை நல்லது. ஆனால் முகத்தில் படாமல் விறைப்பாக நிற்க வேண்டும். மூடிய அறையில் கொசுவத்திப் புகை வேண்டாம்.
* நம் ஊர் வெயிலுக்குத் தொப்பி, சாக்ஸ், ஸ்வெட்டர் என்று மூட்டை கட்டத் தேவையில்லை. ஃபேன் போடலாம், ஏ.சி-யும் போடலாம், காற்று நேராக முகத்தில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். குழந்தையின் மார்பும் பிடரியும் வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள்.

பக்கத்தில் படுக்க வைக்கலாமா?

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, குறைந்தது முதல் 6 மாதம் ஒரே அறையில், ஆனால் தனிப் படுக்கையில் வைக்கச் சொல்கிறது. நம் வீடுகளில் அம்மாவின் அருகில் படுக்க வைப்பதுதான் வழக்கம், இரவில் பால் கொடுக்கவும் அது வசதி. இதில் ரிஸ்க் எங்கே கூடுகிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தை, படுக்கையில் இருப்பவர் புகைபிடிப்பவர், மது அருந்தியவர், தூக்கம் வரவழைக்கும் மாத்திரை எடுத்தவர் என்றால் பக்கத்தில் படுக்க வைக்கவே கூடாது. எல்லாவற்றையும் விட ஆபத்து, சோபாவில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு அசந்து தூங்கிவிடுவது. இரவில் பால் கொடுக்கும்போது கண் சொருகும் என்று தோன்றினால், சோபாவை விடத் தலையணை, போர்வை ஒதுக்கிய படுக்கையே பரவாயில்லை.

தூளி நல்லதா, கெட்டதா?

அம்மாவின் பழைய காட்டன் புடவையில் கட்டிய தூளி, தமிழ்க் குடும்பங்களின் நூற்றாண்டு கால 'ஸ்லீப் டெக்னாலஜி'. கருவில் இருந்ததுபோன்ற சுருண்ட நிலை, மெல்லிய ஆட்டம் இரண்டும் குழந்தையை அமைதிப்படுத்தும். அதில் சந்தேகமில்லை.

பிரச்சினை, தூளியின் வளைவு. பிறந்த குழந்தைக்குத் தலையைத் தானாக நிமிர்த்தத் தெரியாது. தாடை மார்பில் முட்டினால் மூச்சுப் பாதை மடங்கும், துணி மூக்கை மூடவும் வாய்ப்பு உண்டு. சாய்வான படுக்கைகளில் குழந்தைகள் இறந்த பிறகு, 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளின் விற்பனையை அமெரிக்கா 2022-இல் சட்டம் போட்டே தடை செய்தது.

தூளியைக் கைவிட முடியாது என்ற வீடுகளில் குறைந்தபட்சம் இதைச் செய்யலாம்: பகலில், பெரியவர் ஒருவரின் கண் எதிரே மட்டும், முகம் எப்போதும் தெரிய வேண்டும், தாடைக்கும் மார்புக்கும் இடையில் இடைவெளி வேண்டும், தரையிலிருந்து அதிக உயரத்தில் கட்டாதீர்கள், கொக்கியையும் முடிச்சையும் தினமும் இழுத்துப் பாருங்கள், அண்ணன், அக்கா ஊஞ்சலாட விடாதீர்கள். ஆழ்ந்து தூங்கியதும் சமதளப் படுக்கைக்கு மாற்றுங்கள். இரவு முழுக்கத் தூளி வேண்டாம்.

துணியில் சுற்றி வைப்பதும் இப்படித்தான். திடுக்கிட்டுக் கை விரிப்பதால் விழித்துக்கொள்ளும் குழந்தைக்கு அது உதவும். ஆனால் காலை நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டு விலகும் அபாயம் உண்டு. கால்கள் மடங்கி, விரிந்து அசைய இடம் வேண்டும். குப்புற விழும் முயற்சி தொடங்கிய அன்றே சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும்.

பாட்டி வைத்தியம்: எது ஓகே, எது நோ?

தாலாட்டு: நூறு சதவீதம் ஓகே. 'தால்' என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்பார்கள். குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே மாதிரியான, மெதுவான ஓசைதான் வேலை செய்கிறது. செயலியில் வரும் 'ஒயிட் நாய்ஸ்' கூட இதே கொள்கைதான். வைப்பதானால் போனைக் குழந்தையின் தலைமாட்டில் வைக்காமல் தள்ளி, குறைந்த சத்தத்தில் வையுங்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுதல்: மென்மையாகத் தேய்த்தால் நல்லது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், மூக்கில் ஊதுவதும் வேண்டாம்.

சாம்பிராணிப் புகை: மணமாக இருந்தாலும் புகை புகைதான். பிஞ்சு நுரையீரலுக்கு வேண்டாம்.

வசம்பு: கையில் கட்டுவது நம்பிக்கை, ஆனால் குழந்தை வாயில் வைக்கும் என்பதை மறக்க வேண்டாம். சுட்டு உரைத்து நாக்கில் தடவுவதுதான் சிக்கல். இதிலுள்ள அசரோன் என்ற வேதிப்பொருள் காரணமாக, உணவில் வசம்பு சேர்ப்பதை அமெரிக்கா 1968-லேயே தடை செய்துவிட்டது.

தேன்: ஒரு வயது வரை ஒரு சொட்டுகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா, குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்க வைக்கும் 'பாட்டுலிசம்' நோயை உண்டாக்கலாம்.

கிரைப் வாட்டர்: 1851-இல் இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்ட் அறிமுகப்படுத்தியது. அப்போது அதில் ஆல்கஹாலும் இருந்தது. குழந்தைகள் 'நன்றாகத் தூங்கியதன்' ரகசியத்தில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

சளி மருந்து: 'கொஞ்சம் கொடுத்தா நல்லா தூங்கும்' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். சளிக்கு விற்கும் குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் கலவை மருந்தை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது.

சரி, அம்மா எப்போது தூங்குவார்?

குழந்தையின் தூக்கம் பற்றி நூறு பேர் விசாரிப்பார்கள். அம்மாவின் தூக்கத்தைக் கேட்பவர் குறைவு. 'குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு' என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் அந்த நேரத்தில் துணி துவைக்க, பார்க்க வந்த உறவினருக்குக் காபி போட வேறு ஆள் இருந்தால் மட்டுமே அது நடக்கும்.

பல வீடுகளில் பலன் தருவது ஷிப்ட் முறை. உதாரணமாக, இரவு 9 முதல் 1 மணி வரை அப்பாவோ பாட்டியோ பொறுப்பு; பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் குழந்தை அம்மாவிடம் வரும். ஏப்பம், டயப்பர், நடத்தல், படுக்க வைத்தல் எல்லாம் மற்றவர் வேலை. அம்மாவுக்கு ஒரே மூச்சில் சில மணி நேரமாவது தூக்கம் கிடைப்பது ஆடம்பரம் அல்ல.

காரணம் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இந்தியத் தாய்மார்களில் சுமார் 22 சதவீதம் பேரைப் பாதிக்கிறது என்று 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. ஐந்தில் ஒருவர்! முதல் இரண்டு வாரம் அழுகையும் எரிச்சலும் வந்து போவது சகஜம். அது இரண்டு வாரத்தைத் தாண்டினால், குழந்தை தூங்கினாலும் அம்மாவுக்குத் தூக்கமே வரவில்லை என்றால், குழந்தை மீது ஒட்டுதலே இல்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்று தோன்றினால், 'எல்லாப் பொம்பளைங்களும்தான் புள்ள பெத்தாங்க' என்று தள்ளிவிடாமல் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது 2017-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம். அப்பாக்களுக்கு, மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் துறையில் அந்தந்த நிறுவனத்தின் விருப்பம். அழுகை உச்சத்தைத் தொடுவதோ ஆறாவது வாரத்தில். விடுப்பு முழுவதையும் பெயர் சூட்டும் விழாவோடு முடித்துவிடாமல், சில நாள்களை அந்த வாரத்துக்கு மிச்சம் வைப்பது புத்திசாலித்தனம்.

'ஸ்லீப் டிரெய்னிங்' தொடங்கலாமா?

முதல் 3 மாதத்தில் வேண்டாம். அழவிட்டுப் பழக்கும் முறைகள் எதுவும் இந்த வயதுக்கானவை அல்ல. தூக்கி வைத்தால் கெட்டுப்போகும் என்பதும் கட்டுக்கதை. இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான்: தினமும் ஒரே வரிசை. உடம்பு துடைத்தல், உடை மாற்றல், பால், தாலாட்டு, படுக்கை. சில சமயம் முழுதாகத் தூங்கும் முன், கண் சொருகும் நேரத்திலேயே படுக்க வைத்துப் பாருங்கள். வேலை செய்யாவிட்டால் பரவாயில்லை, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

* 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், அல்லது உடம்பு சில்லிட்டுப் போதல்
* எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, பால் குடிக்க மறுப்பது ('நல்ல பிள்ளை, அழவே இல்ல' என்று விட்டுவிடாதீர்கள்)
* அமைதியாக இருக்கும்போதும் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, விலா உள்ளே இழுத்தல், உதடு நீலமாதல்
* உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் நிறம்
* வலிப்பு, பச்சை நிற வாந்தி, வழக்கத்துக்கு மாறான கீச்சென்ற அழுகை

இவற்றில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

மற்றபடி, இரவு மூன்று முறை எழும் குழந்தைக்கு எந்த நோயும் இல்லை. அதை வளர்ப்பவர்கள் எதையும் தவறாகச் செய்யவும் இல்லை. உடல் கடிகாரம் ஓடத் தொடங்க இரண்டு மூன்று மாதம் ஆகும், அவ்வளவுதான். அதுவரை குழந்தை மல்லாக்கப் படுக்கட்டும், வீட்டில் இருப்பவர்கள் முறை வைத்து முழிக்கட்டும்.